பதுளைக் கோச்சியும் ஒரு மணி நேர விமானமும்

திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்க வந்துவிடும். வான்வழியில் சுமார் 420 கிலோமீற்றர். அதே பயணி கொழும்புக் கோட்டையில் பதுளைக் கோச்சி பிடித்தால் இன்னும் ஒன்பது பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். கொழும்புக்கும் பதுளைக்கும் நேர்கோட்டில் 135 கிலோமீற்றர்கூட இல்லை. தண்டவாளமோ 290 கிலோமீற்றர் வளைந்து செல்கிறது.

கோப்பிக் காலத்தில் இந்தத் தூரத்தைக் கால்கள்தான் அளந்தன. தோட்ட வேலைக்காகத் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்தவர்கள், கங்காணிக்குப் பின்னால் காடு கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பதுளை இருக்கும் ஊவாவுக்குப் போக வேண்டியவர்களுக்கு அதற்கு மேலும் மலை இருந்தது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம்.

1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், அடுத்த ஆண்டு பண்டாரவளையையும் தொட்டது. அங்கிருந்து பதுளைக்கு முப்பது சொச்சம் கிலோமீற்றர்தான். அதைப் போட்டு முடிக்க 1924 ஆகிவிட்டது. பட்டிப்பொலையில் 1,890 மீற்றருக்கு மேல் ஏறும் கோச்சி, பதுளையில் 700 மீற்றருக்கும் கீழே இறங்க வேண்டும். தெமோதரையில் அந்தச் சிக்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிலையத்தை விட்டுப் புறப்படும் கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் இந்த வளையம் தோன்றியது என்று ஒரு கதையும் உண்டு. சான்று இல்லாவிட்டாலும், மலையக மக்கள் அந்தப் பாதையில் தங்கள் பங்கை மறக்கவில்லை என்பதற்கு அந்தக் கதை போதும்.

1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பல் சேவை தொடங்கியது. அந்நாளில் வந்தவர்களின் கழுத்தில் தகரத் துண்டு தொங்கியது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த அந்தத் துண்டுதான் வழிநெடுகப் பயணச்சீட்டு. செலவு தோட்டக் கணக்கில் ஏறும்.

1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பல நாள் வழியை விமானம் சில மணி நேரமாகச் சுருக்கியபோது, அதில் ஏறத் தேவையான கடவுச்சீட்டு அவர்கள் கைக்கு எட்டாமல் போனது. பயண வேகத்தைப் பற்றி எழுதுவோர் இதைக் குறிப்பிடாமல் விடுவது பெரும் பிழை.

1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இரண்டு மாதத்துக்குள் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். மேடையில் நின்றவர்களும் ஜன்னலில் கை நீட்டியவர்களும் ஒரே குடும்பத்தவர்கள். 1980களில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது. விமானம் ஒன்றே வழியாயிற்று.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தது. இப்போது கடவுச்சீட்டு கிடைக்கிறது. மலைப்பாதைதான் சுருங்கவில்லை. நமுனுகுல, பசறைப் பக்கத் தோட்டத்தார் காலை விமானத்தைப் பிடிக்க முதல்நாளே லயத்தை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது.