கூடுவாஞ்சேரிக்கு வந்த மந்திரப்பெட்டி

பெங்களூர் ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸில், எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் ஓட்டு மெஷினுக்காக உழைத்தார். ஆபீஸ் முடிந்தால் எழுத்தாளர் சுஜாதா. எண்பதுகளில் விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ புத்தகம் படிக்கும், வாதாடும். ஓட்டு மெஷினுக்குத் தெரிந்ததோ கூட்டல் மட்டும். ஜனங்கள் ஜீனோவை நம்பினார்கள், மெஷினைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அதன் முதல் பயணமே வம்பில் முடிந்தது. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் வைத்தார்கள். மெஷினே வேண்டாம் என்று முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போன சிவன் பிள்ளை, 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, அதே சாவடிகளில் காகிதச் சீட்டில் மறுபடி ஓட்டு. இந்த முறை ஜோஸ் ஜெயித்தார். மெஷின் மேல் யாருக்குக் கோபம் வரும் என்பதை ரிசல்ட்தான் முடிவு செய்யும் போல.

1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது 2001-ல். கூடவே டீக்கடைப் பேச்சும் வந்தது: எதை அமுக்கினாலும் அவங்களுக்கேதான் விழுதாம்!

தொழில்நுட்பம் மிகவும் முன்னேறிவிட்டால் அது மாயாஜாலமாகத்தான் தெரியும் என்றார் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். ஓட்டு மெஷினில் அப்படி என்ன முன்னேற்றம்? பேட்டரியில் ஓடும். நெட் கிடையாது. இரண்டு பெட்டி, நடுவே 5 மீட்டர் கேபிள். மளிகைக் கடை கால்குலேட்டருக்குத் தம்பி. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மாயம் என்று சொல்ல அது போதும்.

சுஜாதா 'என் இனிய இயந்திரா' கதையை 2021-ல் நடப்பதாக எழுதியிருந்தார். நாடே தொழும் தலைவர் ஜீவா, கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம். நிஜ 2021-ல், ஏப்ரல் 6 அன்று, செங்கல்பட்டுத் தொகுதியில் இருக்கும் கூடுவாஞ்சேரியும் ஓட்டுப் போட்டது. விடியும் முன்பே ஏஜென்டுகள் எதிரில் மாதிரி ஓட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல். பிறகு வரிசை. நீலப் பட்டனை அமுக்கினால் சிவப்பு விளக்கு, 'பீப்', பக்கத்து அச்சுப்பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் சின்னம் அச்சான சீட்டு. 7 விநாடி தெரியும், தானே அறுந்து பெட்டிக்குள் விழும். சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இந்த ஜன்னல். ஆனால் மூக்குக்கண்ணாடியைப் பையில் தேடி எடுப்பதற்குள் அந்த 7 விநாடி போய்விடுகிறது என்பது பெரியவர்களின் புதுப் புகார்.