ஸ்ட்ராபெரி மூஸ்

ஸ்ட்ராபெரி மூஸ் என்பது பழக்கூழுடன் நுரைக்க அடித்த கிரீமைக் கலந்து குளிரவைத்து உண்ணும் இனிப்பு. 'மூஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நுரை என்று பொருள்.

வரலாறு

இன்று கடைகளில் விற்கும் பெரிய ஸ்ட்ராபெரி 300 ஆண்டுகளுக்கு முன் இல்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெசியே 1714 இல் சிலி நாட்டுச் செடிகளைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அவை வட அமெரிக்கச் செடிகளுடன் கலந்ததால் இவ்வினம் உருவானது. அந்த நூற்றாண்டில், 1750 முதல் 1761 வரை, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. விழுப்புரம், திண்டிவனம் இரண்டுக்கும் அருகிலுள்ள புதுச்சேரியில் அவர்கள் ஆட்சி 1954 வரை நீடித்தது.

வெப்பமும் கடற்பாசியும்

மூஸை இறுகவைக்க ஐரோப்பாவில் பெரும்பாலும் ஜெலட்டின் சேர்ப்பர். இது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது; ஏறத்தாழ 35° செல்சியசிலேயே இளகிவிடும். கோடை வெயில் 40° செல்சியசை எட்டும் இவ்வட்டாரத்தில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மூஸ் விரைவில் தளர்ந்துவிடும்.

ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய அகர் அகர் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. இறுகியபின் சுமார் 85° செல்சியஸ் வரை இளகாது. சைவ உணவினருக்கும் ஏற்றது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் கஞ்சிப்பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசி இனிப்புக்கும் இதுவே அடிப்படை.

செய்முறை

2 கிராம் அகர் தூளை அரைக் கோப்பை நீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குளிர்ந்த பழக்கூழில் ஊற்றினால் கட்டிதட்டும். எனவே 250 கிராம் பழக்கூழை இளஞ்சூடாக்கிக் கலக்க வேண்டும். இறுகத் தொடங்குமுன், நுரைக்க அடித்த 150 மில்லி கிரீமை மெல்லக் கிளறிச் சேர்த்து, இரண்டு மணிநேரம் குளிரவைத்தால் மூஸ் தயார்.