தொழில்வழிச் சிகிச்சையும் முதியோர் வாழ்வும்

முதியோரைப் பேணுதல் என்றவுடன் உணவு, உடை, மருந்து, படுக்கை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை இன்றியமையாதவையே. ஆயினும், நேற்றுவரை தம் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிய ஒருவருக்கு இன்று நாம் அதை மாட்டிவிடும்போது, அவருக்கு உதவுகிறோமா, அன்றி அவரிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறோமா? ஆக்குபேஷனல் தெரபி என வழங்கும் தொழில்வழிச் சிகிச்சையின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது. இங்குத் 'தொழில்' என்பது பிழைப்புக்கான வேலை மட்டுமன்று. குளித்தல், உடுத்தல், சமைத்தல், கடைக்குச் செல்லுதல் என ஒருவருடைய நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தும் அதனுள் அடங்கும்.

இதன் வேர்கள் சமயப் பற்றுடையோரிடையே தோன்றின. மனநோயாளரைச் சங்கிலியால் பிணித்துவைத்த காலத்தில், குவேக்கர் சபையைச் சேர்ந்த வில்லியம் டியூக் 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஓர் இல்லத்தைத் திறந்தார். அங்கு நோயாளர் மனிதராக மதிக்கப்பட்டனர். அவர்களுக்கு வேலையும் தரப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் ஜார்ஜ் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர் காசநோயுற்று, கால்விரல்களை இழந்து, இடப்பக்கம் செயலிழந்து சோர்வுற்றார். நியூயார்க் மாநிலத்துக் கிளிப்டன் ஸ்பிரிங்ஸில் அவரைத் தேற்றி ஊக்கியவர் எல்வுட் உஸ்டர் என்னும் குருவானவர். பார்ட்டன் 1914இல் அவ்வூரில் 'ஆறுதல் இல்லம்' என்னும் வீட்டை அமைத்து, தோட்டவேலையாலும் தச்சுவேலையாலும் தம்மையே தேற்றிக்கொண்டார். 1917 மார்ச்சில் அவ்வீட்டில் அறுவர் கூடி இச்சிகிச்சைக்கான தேசியச் சங்கத்தை நிறுவினர்.

தொடக்கத்தில் மனநோயாளரும் போரில் ஊனமுற்றோருமே இதனால் பெரிதும் பயனடைந்தனர். முதியோர் மருத்துவத்தில் இதற்கேற்ற நோக்கு வலுப்பெற 1963இல் மருத்துவர் சிட்னி காட்ஸ் வெளியிட்ட அளவுகோல் துணைபுரிந்தது. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம்பெயர்தல், கழிவை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் ஒருவர் தாமே செய்ய இயலுமா என்று அது வினவியது. "என்ன நோய்?" என்பதோடு "என்ன செய்ய இயலும்?" என்பதும் கேள்வியாயிற்று.

1997இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு நாம் கருதத்தக்கது. புளோரன்ஸ் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 361 பேரை மூன்று பிரிவாக்கி ஒன்பது மாதம் ஆராய்ந்தனர். முதற்பிரிவினர் தொழில்வழிச் சிகிச்சையாளரின் துணையுடன் தம் அன்றாட வாழ்வைத் தாமே ஆராய்ந்து திருத்தியமைத்தனர். இரண்டாம் பிரிவினருக்கு விளையாட்டு, கைவினை, உலா முதலிய கூட்டுப் பொழுதுபோக்குகள் மட்டும் அளிக்கப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் அளிக்கப்படவில்லை. உடல்நலம், செயல்திறன், வாழ்க்கை நிறைவு ஆகியவற்றில் முதற்பிரிவினரே மேம்பட்டனர். பொழுதுபோக்குப் பெற்றோருக்கும் ஒன்றும் பெறாதோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை!

சிகிச்சையாளர் வீட்டிற்கு வந்து செய்வது எளியதாகவே தோன்றும். குளியலறையில் கைப்பிடி பொருத்துவர். நடுங்கும் கைக்கு ஏற்பக் கரண்டியின் பிடியைத் தடிப்பாக்குவர். சமையலை இடையிடையே அமர்ந்து செய்யக் கற்பிப்பர். ஆனால் அதற்கு முன், "எதைத் தாங்களே செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்பர். அக்கேள்வியே அவர்கள் பணியின் அடித்தளம்.

நம் முதியோர் இல்லங்களிலும் சபைச் சந்திப்புகளிலும் அக்கேள்வி எத்தனை முறை எழுகிறது? ஆண்டுக்கொருமுறை உலா அழைத்துச் செல்கிறோம். பழமும் போர்வையும் கொடுக்கிறோம். அவை அன்பின் அடையாளங்களே, மறுப்பதற்கில்லை. ஆனால் பெறுவோராக மட்டுமே ஒருவரை அமர்த்திவிடும் அன்பு குறைவுள்ளது. தேற்றுவதோடு நில்லாமல் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் நோயாளியைச் செயலுக்கு ஏவிய குருவானவரின் வழி, நமக்கும் உரிய வழியன்றோ?