எல்லாம் இருப்பவர்களுக்கு என்ன கொடுப்பது? – ஒரு குட்டி வரலாறு

டிசம்பர் பிறந்தாலே புதிதாகக் கல்யாணமானவர்களிடம் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸ் வருகிறது, மாமனார் மாமியாருக்கு என்ன வாங்குவது? அவர்களிடம் எல்லாம் இருக்கிறது. பீரோவில் கட்டாத புடவை இருபது. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் கவர்கூடப் பிரிக்காமல் இருக்கிறது. சுவரில் மாட்ட இடம் இல்லை, ஷோகேஸில் வைக்க இடம் இல்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் "எங்களுக்கு எதுக்குப்பா, நீங்க வந்தாலே போதும்" என்று பதில் வரும். சரி என்று வெறுங்கையோடு போய் நிற்கவும் முடியாது :-)

இது நம் காலத்து நுகர்வு மோகத்தால் வந்த தலைவலி என்றுதான் பலரும் சொல்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. தன்னைவிட வசதியானவருக்கு, எதுவும் தேவைப்படாதவருக்கு என்ன கொடுப்பது என்று மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் நல்ல விடையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் சில விடைகள் எங்கள் திருவண்ணாமலையிலேயே இருக்கின்றன.

முதலில் பரிசு போகும் திசையைப் பார்ப்போம்.

நம் ஊர் வழக்கத்தில் பரிசு மேலிருந்து கீழே வரும். பெரியவர்கள் கொடுப்பார்கள், சின்னவர்கள் காலில் விழுந்து வாங்கிக்கொள்வார்கள். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டில்தான் மாப்பிள்ளைக்கு வேட்டி, மோதிரம் எல்லாம். பொங்கல் சீர் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வரும். மருமகன் மாமனாருக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று வருஷா வருஷம் வரும் நாள் எதுவும் நம் நாள்காட்டியில் இல்லை. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் வந்தால் புதுத்துணி எடுத்துக் கொடுப்போம், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸின் பழைய கதைகளிலும் இதே திசைதான். ஞானிகள் மூவர் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தது ஒரு குழந்தைக்கு. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கலஸ் 4-ஆம் நூற்றாண்டில் மைரா என்ற ஊரில் (இன்றைய துருக்கி) ஆயராக இருந்தவர். வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஓர் ஏழைத் தகப்பனின் மூன்று பெண்களுக்காக, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிச்சுகளை வீட்டுக்குள் போட்டார் என்பது அவரைப் பற்றிய கதை. இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுத்தார். அதில் குழப்பமே இல்லை.

திசை மாறி, சின்னவர் பெரியவருக்கும் இல்லாதவர் இருப்பவருக்கும் கொடுக்க ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அப்படிப் போகும் பரிசு சீக்கிரமே வரியாக மாறிவிடுகிறது. இதற்கு மூன்று உதாரணங்கள்.

முதலாவது ரோம். டிசம்பர் 17-இல் சாட்டர்னாலியா என்ற பண்டிகை தொடங்கும். ஒருவருக்கொருவர் மெழுகுவர்த்தியும் சின்ன மண்பொம்மைகளும் கொடுத்துக்கொள்வார்கள். ரோமில் ஒவ்வொரு பணக்காரரையும் அண்டிப் பிழைக்கும் கூட்டம் ஒன்று உண்டு. பண்டிகையைச் சாக்காக வைத்துப் பணக்காரர்கள் இந்த ஏழைகளிடமிருந்தே பரிசு கறக்க ஆரம்பித்துவிட்டார்கள். பப்ளிசியஸ் என்ற மக்கள் பிரதிநிதி இதற்கு ஒரு விதி கொண்டுவந்தார்: தன்னைவிடப் பணக்காரருக்கு மெழுகுவர்த்தி தவிர வேறெதுவும் பரிசாக அனுப்பக் கூடாது! 5-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மாக்ரோபியஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். "எல்லாம் இருப்பவருக்கு என்ன கொடுப்பது" என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொன்னது எனக்குத் தெரிந்து இந்த ஒரு இடத்தில்தான்.

இரண்டாவது நியூயார்க். 1912-இல் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயரே "பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்". தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் எலினார் பெல்மான்ட், ஆன் மார்கன் என்ற இரண்டு பெண்கள். ஆன் மார்கன் பெரும் வங்கியாளர் ஜே.பி. மார்கனின் மகள். அவர்கள் யாருக்காகக் குரல் கொடுத்தார்கள் என்று பார்த்தால், கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்காக. வாரக்கூலி வாங்கும் அந்தப் பெண்கள் கிறிஸ்துமஸ் வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு மேலதிகாரிக்குப் பரிசு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்கூட இந்தச் சங்கத்தில் சேர்ந்தார்.

மூன்றாவது உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. பெண் வீட்டார் அன்பாகக் கொடுத்த சீர், கேட்டு வாங்கும் வரதட்சணையாக மாறியது நம் கண்ணெதிரே இருக்கும் வரலாறு. 1961-இல் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்தது. கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும், பொருள், அதன் மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று 1985-இல் விதிகள் வந்தன. பரிசுக்கே பட்டியல் போட வேண்டிய நிலைமை! "மாமனார் மாமியாருக்கு என்ன வாங்குவது" என்ற கேள்வியை மாப்பிள்ளை கேட்டால் அது ஒரு சின்னக் குழப்பம். மருமகளோ அவளைப் பெற்றவர்களோ கேட்கும்போது பல வீடுகளில் அது பயம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பரிசு யோசனை சொல்லிப் பயனில்லை.

சரி, நல்ல விடைகள் எங்கே?

ஒன்று இங்கிலாந்து அரசவையில் கிடைக்கிறது. முதலாம் எலிசபெத் ராணிக்கு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அரசவையில் இருப்பவர்கள் எல்லோரும் பரிசு கொடுக்க வேண்டும். யார் என்ன கொடுத்தார்கள் என்று நீளமான சுருள்களில் எழுதி வைத்தார்கள், நம் மொய் நோட்டு மாதிரியே. ராணியும் பதிலுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளிப் பாத்திரங்களை எடைபோட்டுக் கொடுப்பார். பிரபுக்கள் பொற்காசுப் பைகளும் பூவேலை செய்த துணிகளும் கொடுத்தார்கள். 1562-இல் அரண்மனையின் தலைமைச் சமையற்காரர் கொடுத்தது பாதாம் பருப்பும் சர்க்கரையும் அரைத்துச் செய்த ஒரு சதுரங்கப் பலகை. ராணிக்குச் சாப்பாட்டுக்கா பஞ்சம்? ஆனாலும் அது அவர் கைப்பக்குவம். தின்றால் தீர்ந்துவிடும். வைக்க இடம் தேட வேண்டாம்.

இப்போது திருவண்ணாமலைக்கு வருவோம்.

எல்லாம் இருப்பவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அண்ணாமலையாரைத்தான் சொல்ல வேண்டும். மலையே அவர்தான். 11 நிலையும் 217 அடி உயரமும் உள்ள ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சை நாயக்கர் காலத்தில் கட்டி முடித்தார்கள். இப்படிப்பட்டவருக்குச் சாதாரணக் குடிமகன் என்ன கொடுக்க முடியும்? கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பதில், விளக்கு. ரோமாபுரியில் மெழுகுவர்த்தி, இங்கே நெய்விளக்கு!

நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, வைப்பது சோழர் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் இருந்த வழக்கம். அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. தருபவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஆடுகளையும் சேர்த்துக் கொடுப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடுகள். அன்றைய நிரந்தர வைப்புத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

கொடுத்த பொருள் கருவறையில் இடத்தை அடைக்கவில்லை. தினமும் எரிந்து தீர்ந்தது, தினமும் புதிதாக வந்தது. நடுவில் ஓர் இடையர் குடும்பத்துக்குப் பிழைப்பும் கிடைத்தது. இந்தத் தர்மங்களைப் பெற்றோர் பெயரிலோ மன்னர் பெயரிலோ "புண்ணியமாக" எழுதிவைத்தவர்களும் உண்டு. பெரியவர் பெயரால் வேறொருவருக்குப் பயன்படும்படி கொடுப்பது அப்போதே இருந்திருக்கிறது.

இது இன்றும் தொடர்கிறது. கார்த்திகை தீபத்துக்கு 2,668 அடி உயர மலை உச்சிக்குக் கொப்பரை போகிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டர் அளவுக்குக் காடா துணித் திரி. அந்த நெய்க்குக் கால் கிலோ, அரை கிலோ என்று காணிக்கை கட்டுபவர்கள் ஏராளம். யார் கொடுத்த நெய் எந்தச் சுடரில் எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை.

அடுத்து ஒரு பசுவின் கதை. 1926-இல் ரமணாசிரமத்துக்கு ஒரு பக்தர் பசுவும் கன்றும் கொண்டுவந்தார். ரமணருக்கு எதுவும் தேவையில்லை என்பது ஊருக்கே தெரியும். "இங்கே யார் பார்த்துக்கொள்வது?" என்பதுதான் அவருடைய தயக்கம். ஆசிரமவாசி ஒருவர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்த பிறகே மாடு அங்கே நின்றது. பின்னால் ஊருக்குள் ஒருவர் பொறுப்பில் வளர்ந்தது. அந்தக் கன்றுதான் லட்சுமி. 1948-இல் இறந்தபோது ஆசிரமத்திலேயே சமாதி கட்டினார்கள், இன்றும் பார்க்கலாம். வயதானவர்களுக்குப் பரிசு வாங்குகிறவர்கள் எல்லோரும் ரமணர் கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். மாமனாருக்கு வாங்கும் ஸ்மார்ட் டிவியை யார் இயக்கிக் காட்டுவார்கள்? மாமியாருக்கு வாங்கும் மிக்ஸியை யார் தூக்கிக் கழுவுவார்கள்? பரிசோடு அதைப் பராமரிக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் அது அவர்களுக்குப் பாரம்தான்.

கடைசியாக வல்லாள மகாராஜா. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்திருந்தவர். மதுரை சுல்தானோடு போரிட்டு மாண்டபோது அவருக்கு எண்பது வயது என்று இப்னு பதூதா எழுதுகிறார். நாடு, படை, செல்வம் எல்லாம் இருந்தும் வாரிசு இல்லாமல் வருந்தினார், அண்ணாமலையாரே குழந்தையாக வந்து "உனக்கு நானே மகன், காரியம் நானே செய்வேன்" என்றார் என்பது தலபுராணக் கதை. (வரலாற்றில் அவருக்கு ஒரு மகன் இருந்தான், கொஞ்ச காலம் ஆண்டான். கதையும் வரலாறும் இங்கே பிரிகின்றன.) ஆனால் அந்தக் கதையால் வந்த வழக்கம் உண்மை. ஒவ்வொரு மாசி மகத்துக்கும் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி வல்லாளருக்குத் திதி கொடுக்கிறார். மன்னர் இறந்து ஏறக்குறைய எழுநூறு வருடம் ஆகப்போகிறது. எல்லாம் இருந்த ஒரு கிழவருக்குச் சாமி கொடுக்கும் பரிசு, வருஷம் தவறாமல் நேரில் வருவது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது மூன்று விஷயம். ஒன்று, தீர்ந்துபோவதைக் கொடுக்கலாம்: மெழுகுவர்த்தி, நெய், கையால் செய்த இனிப்பு. இரண்டு, பராமரிப்பைக் கொடுக்கலாம்: மாதாமாதம் மருந்து வாங்கித் தருவது, கண் டாக்டரிடம் கூட்டிப்போவது, வங்கிக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் அலைவது. இதுதான் இன்றைய 96 ஆடு. மூன்று, அவர்கள் பெயரில் வேறு யாருக்காவது கொடுக்கலாம்: ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஒருநாள் அன்னதானம், கிறிஸ்துமஸ் அன்று சபையில் இல்லாதவர்களுக்குப் புதுத்துணி.

1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டு ஒரு கணக்குப் போட்டார். கிறிஸ்துமஸ் பரிசின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறதாம். வாங்கியவர் கொடுத்த விலைக்கு, கிடைத்தவர் அவ்வளவு மதிப்புப் போடவில்லை. ஆனால் பரிசோடு வரும் பாசத்தை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. "நீங்க வந்தாலே போதும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் உபசாரப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறோம். வல்லாளர் கதையைப் படித்த பிறகு, அது அவர்கள் உண்மையாகவே கொடுக்கும் பட்டியல் என்றுதான் எனக்குப் படுகிறது. போகும்போது ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பப்ளிசியஸ் அனுமதித்திருக்கிறார் :-)