திருப்பூர் மாநாடும் கடவுட் கருத்தும்

1922-ஆம் ஆண்டு திருப்பூரில் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில் ஈ. வெ. இராமசாமி கொண்டுவந்த தீர்மானம் கடவுளை மறுப்பதன்று. கடவுளிடம் செல்ல வழி கேட்பதேயாம். நாடார் முதலாக, புறத்தே நிறுத்தப்பட்ட எல்லாச் சாதியாரும் ஆலயத்துட் சென்று வழிபடும் உரிமை வேண்டும் என்பது அதன் பொருள். கேட்டவரோ ஈரோட்டுத் தேவஸ்தானக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர். சாத்திரங்களைக் காட்டிச் சிலர் எதிர்த்தனர். மனுதர்மத்தையும் இராமாயணத்தையும் கொளுத்தவேண்டுமென்று அவர் வெகுண்டுரைத்தது அம்மாநாட்டிலேதான்.

நம் இறையியல் வகுப்புகளில் நாத்திகத்தை ஃபாயர்பாக், மார்க்ஸ் ஆகியோரிடமிருந்து தொடங்குவது வழக்கம். ஜெர்மானிய மாணவருக்கு அது பொருந்தலாம். கொங்குநாட்டு நாத்திகமோ நூலறையிற் பிறந்ததன்று. சாத்திய கதவொன்றின் முன்னே பிறந்தது. 1924-இல் வைக்கம், 1925-இல் ஈரோட்டிலிருந்து 'குடி அரசு', அவ்வாண்டின் இறுதியிலேயே காஞ்சிபுரத்தில் காங்கிரசை விட்டு வெளியேற்றம். (திருப்பூரின் முதற் பின்னலாடைக்கூடம் தொடங்கியதும் அதே 1925-இல் என்பர்.) பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையை ஜீவானந்தம் தமிழாக்கியது போன்ற முயற்சிகள் 1930-களில், அதாவது பின்னரே, வந்தன.

ஆகவே விசுவாசியும் மறுப்பவரும் ஒரே உருவத்தை முன்வைத்து, ஒருவர் உண்டென்றும் மற்றவர் இல்லையென்றும் வாதிடுவதாக நாம் எண்ணுவது சரியன்று. விசுவாசி தன் அழுகையைக் கேட்கும் தந்தையைக் காண்கிறான். மறுப்பவர் காண்பதோ வாயிற்காவலனை. அக்காவலன் இல்லையென்பதில் நமக்கும் கருத்து வேற்றுமை இருக்கலாகாது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமர் கிறிஸ்தவர்களையே நாத்திகர் என்று பழித்தனர். அத்தகைய தெய்வங்களைப் பொறுத்தமட்டில் அப்பழி உண்மையே என்று யுஸ்தீன் தம் விண்ணப்பத்தில் தயங்காது ஒப்புக்கொண்டார்.

சொல்லின் வரலாறும் நோக்கற்பாலது. பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். 1871-இன் ஐக்கியத் திருப்புதல் 'தேவன்' என்றது. 1950-களின் திருத்திய திருப்புதலோ 'கடவுள்' என்னும் சொல்லை மேற்கொண்டது. சுயமரியாதை மேடைகளில் கால் நூற்றாண்டுக்கு மேலாக மறுக்கப்பட்டுவந்த சொல்லே அது! மறுப்பவரின் சொல்லும் நம் வேதாகமத்தின் சொல்லும் ஒன்றாயின. இதை இழப்பென்று வருந்தியோர் உண்டு. என் கருத்தில் அது நல்லதே. அச்சொல்லைப் பிரசங்கிக்கும் போதகர் இனி அம்மறுப்புக்கும் செவிகொடாமல் தப்ப இயலாது.

இன்று பனியன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் தைக்கும் இருவரில் ஒருவர் ஜெபக்கூட்டத்திற்கு வருபவராகவும் மற்றவர் கருஞ்சட்டைக்காரராகவும் இருக்கக்கூடும். இரண்டாமவர் படைப்பைப் பற்றிய சான்றை நம்மிடம் கேட்பது அரிது. உங்கள் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் உண்டா என்றே கேட்பார். கேள்வி புதிதன்று. திருப்பூர் மாநாட்டிற்கு 89 ஆண்டுகள் முன்னரே, 1833-இல், கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று நிருபம் விடுத்தார். தஞ்சைச் சபையார் பலர் அதனை ஏற்கவில்லை. எதிர்த்தவருள் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர்.