ரோம்: கொலோசியம் பாதி இடிந்தது, பாந்தியன் முழுசாக நிற்கிறது, ஏன்?

முதல் முறை ரோம் போகிறவர்களின் திட்டத்தில் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று இடிபாடுகள், இன்னொன்று தேவாலயங்கள். நேரம் குறைந்தால் ஒன்றை வெட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீங்க. ஒன்றை விட்டால் இன்னொன்றின் கதை பாதிதான் புரியும்.

கொலோசியத்தின் கற்கள் எங்கே போயின?

பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கிய இந்த அரங்கை அவருடைய மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்தார். சுமார் 50,000 பேர் அமரலாம். கேளிக்கைகள் நின்றுபோன பிறகு அதைப் பராமரிக்க ஆளில்லை. 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்க வெளிச்சுவர் சரிந்தது. விழுந்த கல்லை யாரும் திரும்ப அடுக்கவில்லை. அது புதுக் கட்டடங்களுக்குப் போனது. அரண்மனைகள் எழுந்தன, தேவாலயங்களும் எழுந்தன. அதாவது, நீங்கள் ரசிக்கும் சில தேவாலயங்களுக்குள் பழைய ரோமின் கல்லே இருக்கிறது.

பாந்தியன் எப்படித் தப்பியது?

ஹாட்ரியன் காலத்தில் கட்டி முடித்த கோயில் இது. 609-இல் தேவாலயமாக மாறியது. அதுதான் காப்பாற்றியது. வழிபாடு நடக்கும் இடத்தில் கூரை ஒழுகினால் சரிசெய்ய ஒருவர் இருப்பார், இல்லையா? கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இதுதான். விட்டம் சுமார் 43 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு.

ஆனா முழுப் பாதுகாப்பு கிடைத்ததா என்றால், இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் போப் எட்டாம் அர்பன் முகப்பு மண்டபத்தின் வெண்கலத்தைக் கழற்றி உருக்கக் கொடுத்தார். பெரும்பகுதி பீரங்கியானது.

ரோமன் ஃபோரத்தில் எதைக் கவனிக்கணும்?

அந்தோனினஸ், ஃபாஸ்டினா கோயிலின் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் நிற்கும். அதன் கதவு படிக்கட்டே இல்லாமல் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். ஏன்னா, அந்தக் கதவை வைத்தபோது தரை அந்த உயரத்தில் இருந்தது. ஃபோரம் மண்ணில் புதைந்து மாடு மேயும் வெளியாகக் கிடந்த காலம் அது. பிறகு தோண்டியதில் தரை கீழே போனது, கதவு மேலேயே நின்றுவிட்டது.

பக்கத்தில் உள்ள செனட் கட்டடமும் 7-ஆம் நூற்றாண்டில் தேவாலயமானதால்தான் தப்பியது. அதன் பழைய வெண்கலக் கதவுகள் இப்போது லாத்தரன் பேராலய வாசலில் இருக்கின்றன.

ஒரே இடத்தில் எல்லாம் பார்க்க முடியுமா?

முடியும். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமென்தே தேவாலயம். மேலே 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதற்கும் கீழே ரோமானியக் கட்டடங்களும் மித்ரா தெய்வத்தின் வழிபாட்டு அறையும். 1857-இல் தொடங்கிய அகழாய்வில்தான் அடியில் இருந்த இவை வெளியே தெரிந்தன.

கிளம்பும் முன்

• விசா: ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீங்க. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.
• கொலோசியம்: நேரம் குறித்த டிக்கெட், உங்கள் பெயரில். பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். ஃபோரமும் பலட்டைன் குன்றும் இதிலேயே அடங்கும்.
• கட்டணம்: பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் டிக்கெட் உண்டு. சான் கிளெமென்தேயில் கீழ்த்தளங்களுக்கு மட்டும் கட்டணம். செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்குள் நுழைவு இலவசம். பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு நேரம் ஒதுக்குங்கள்.
• உடை: தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். வெயில் காலத்தில் ஒரு துப்பட்டா போதும் தோளுக்கு.
• நேரம்: பல தேவாலயங்கள் மதியம் மூடிவிடும். அதனால் காலையில் சான் கிளெமென்தே, அடுத்து கொலோசியம், ஃபோரம், மாலையில் பாந்தியன் என்று நடந்தால் ஒரே நாளில் முடியும்.