மேரி யஹோடா அம்மையார்: உழைப்பும் உள்ள நலமும்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது நம் முதியோர் வழங்கும் பழமொழி. உத்தியோகம் ஊதியம் தருவதால்தான் லட்சணமாயிற்று என்றே நம்மிற் பலர் பொருள் கொள்கின்றனர். ஊதியத்துக்கு அப்பால் வேலை மனிதனுக்கு யாது தருகின்றது? அது பறிபோனால் அவன் உள்ளம் யாதாகின்றது? இவ்விரு வினாக்களையும் தம் ஆயுட்காலமெல்லாம் ஆராய்ந்த விதுஷி ஒருவரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிதல் நலமெனக் கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தேன். அவர்தாம் ஆஸ்திரியா தேசத்து மேரி யஹோடா அம்மையார்.

அம்மையார் 1907-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே சமூக ஜனநாயகக் கட்சியில் ஈடுபட்டார். வியன்னா சர்வகலாசாலையில் கார்ல் பூலர், ஷார்லட் பூலர் என்னும் பேராசிரியத் தம்பதிகளிடம் மனோதத்துவ சாஸ்திரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். 1927-இல் பால் லாஸர்ஸ்பெல்ட் என்னும் அறிஞரை மணந்தார். பின்னாளில் அவ்விவாகம் முறிந்தது.

வியன்னாவுக்குத் தென்கிழக்கே மாரியந்தால் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்த நெசவாலை ஒன்றே ஊரார் அனைவருக்கும் ஜீவனாதாரம். உலகெங்கும் வியாபாரம் குன்றிய காலத்தில், 1929-1930-இல் அவ்வாலை மூடப்பட்டது. ஊரில் இருந்த 478 குடும்பங்களில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவற்றில் வேலையுள்ளவர் ஒருவர்கூட இல்லை என்னும் நிலை வந்துற்றது. லாஸர்ஸ்பெல்டும் அவர் நண்பர்களும் முதலில் தொழிலாளரின் ஓய்வு நேரத்தை ஆராயவே எண்ணியிருந்தனர். கட்சித் தலைவர் ஆட்டோ பாவரோ, ஓய்வைவிட வேலையின்மையே அன்றைய பிரச்சினை என்று அவர்களைத் திருப்பினார். 1931-1932-இல் யஹோடா, லாஸர்ஸ்பெல்ட், ஹான்ஸ் ஸைஸல் முதலியோர் அவ்வூரை ஆராயப் புகுந்தனர்.

அவர்கள் சென்ற முறை போற்றத்தக்கது. வெறும் வேடிக்கை பார்ப்பவராக எவரும் அங்குச் செல்லலாகாது. ஊருக்குப் பயன்படும் ஒரு காரியத்தைச் செய்துகொண்டே கவனித்தல் வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டனர். வியன்னாவில் துணிமணிகளைத் திரட்டிக் குடும்பங்களுக்கு வழங்கினர். இலவச வைத்திய உதவி அளித்தனர். பெண்டிர்க்குத் தையல் வெட்டும் வகுப்பும், சிறுமியர்க்குத் தேகப்பயிற்சியும் நடத்தினர். இவ்வாறு பழகுகையில் மக்கள் தாமே மனந்திறந்து பேசினர்.

அவர்கள் கண்டது யாது? பொழுது மிகுந்தால் மக்கள் படிப்பார்கள், கூடுவார்கள், கிளர்ச்சி செய்வார்கள் என்று எண்ணுவது இயல்பு. நேர்ந்தது இதற்கு மாறாயிற்று. ஊர் நூல்நிலையத்தில் கட்டணத்தையே நீக்கியும், வெளிச்சென்ற நூல்களின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆடவர் வீதியில் மெல்ல நடந்து, அடிக்கடி நின்றனர். பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையும் விட்டனர். காலை முதல் மாலை வரை யாது செய்தீர் என்று குறிக்கச் சொன்னால், எழுதுவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. பெண்களோ விரைந்து நடந்தனர். அடுப்பும் குழந்தையும் தையலும் அவர்தம் பொழுதுக்கு உருக்கொடுத்தன. ஆயினும் பழைய ஆலை வேலை மீண்டும் கிடைப்பின் மகிழ்வோம் என்று அவருட் பலர் கூறினர். கூலிக்காக மட்டுமன்று, நாலு பேரோடு கூடியிருந்த வாழ்வுக்காகவும் ஏங்கினர். குழந்தைகளும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வேண்டுவனவற்றை எழுதும்போது, ‘பெற்றோருக்கு வேலை இருந்தால்’ என்று தயங்கியே எழுதினர். ஊராருட் பெரும்பாலோரிடம் கோபத்தையும் காணவில்லை. எதிர்பார்ப்பு யாதுமற்ற அடக்கமே மிகுந்திருந்தது. இது சோம்பலன்று, சோம்பல் போலத் தோன்றும் மனக்காயம் என்பதே இவ்வாராய்ச்சியின் சாரம்.

அம்மையாரே பெரும்பாலும் எழுதிய அந்நூல் 1933-இல் ஜெர்மனியில் வெளிவந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அதுவே. யூதப் பெயர்களாதலின் முகப்பில் ஆசிரியர் பெயரே அச்சிடப்படவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவில் அவர் கட்சி தடை செய்யப்பட்டது. மறைவில் கட்சிப்பணி புரிந்ததற்காக 1936 நவம்பரில் அம்மையார் சிறைப்பட்டார். 1937-இல், நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என்னும் நிபந்தனையின்பேரில் விடுதலை பெற்று இங்கிலாந்து சேர்ந்தார்.

அங்கு நிகழ்ந்த ஒன்று அவர் குணத்தை நன்கு விளக்கும். தென் வேல்ஸ் பிரதேசத்தில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்க்கெனத் தரும சிந்தையுடையோர் ஒரு திட்டம் நடத்தினர். தொழிலாளர் கூலியின்றி உழைப்பர். விளைந்த பொருளை அடக்க விலைக்கு வாங்கிக்கொள்வர். அம்மையார் தொழிலாளர் இல்லங்களில் தங்கி, அவர்களோடு வேலையும் செய்து ஆராய்ந்தார். நாளுக்கோர் ஒழுங்கும் தோழமையும் அவர்கட்குக் கிடைத்தமை மெய்யே. ஆயினும் நடத்துவோரின் உயர்ந்த நோக்கம் உழைப்போரின் நெஞ்சைத் தொடவில்லை. கூலியில்லாததை மெய்யான வேலையென அவர் மதித்திலர் என்றும் அறிக்கை எழுதினார். அதைப் படித்த திட்டத் தலைவர் தம் வாழ்நாட்பணியே அழிந்ததெனக் கலங்கினார். அவரோ நாஜிகளிடமிருந்து அம்மையாரின் உறவினர் தப்ப உதவியவர். அம்மையார் தம் முடிவை மாற்றவுமில்லை, அறிக்கையை வெளியிடவுமில்லை. அது அச்சேறியது 1987-இல். உண்மைக்கும் நன்றிக்கும் இடையே நின்ற அவ்வுள்ளம் பட்ட பாட்டை அன்பர்களே உணர்க.

1945-இல் அமெரிக்கா சென்று, பின்னர் நியூயார்க் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். அக்காலை மனநோய், மனநலம் பற்றி ஆராய 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கு ஒரு கூட்டுக் குழு அமைந்தது. அதன் முதல் நூலை 1958-இல் அம்மையார் எழுதினார். நோயின்மை மட்டுமே நலமாகாது என்று நாட்டி, தன்னைத் தான் அறிந்து ஏற்றல், வளர்ச்சி, உள்ளத்தின் ஒருமை, தற்சார்பு, உள்ளதை உள்ளவாறு காணல், சூழ்நிலையை ஆளுந்திறன் என ஆறு இலக்கணங்களை ஆராய்ந்தார். அக்குழுவின் இறுதி அறிக்கை 1961-இல் வெளிவந்தது. அதன் பயனாக, மனநோயாளரைத் தொலைவிலுள்ள பெருவிடுதிகளில் அடைத்து வைப்பதற்கு மாறாக, அவரவர் ஊரிலேயே சிகிச்சை நிலையங்களை நிறுவும் சட்டத்தில் ஜனாதிபதி கென்னடி 1963-இல் கையொப்பமிட்டார்.

1958-இல் இங்கிலாந்து திரும்பிப் பாராளுமன்ற அங்கத்தினர் ஆஸ்டன் ஆல்புவை மணந்த அம்மையார், புருனல் கல்லூரியிலும், 1965 முதல் 1973 வரை ஸஸெக்ஸ் சர்வகலாசாலையிலும் ஆசிரியப்பணி புரிந்தார். ஓய்வுக்குப் பின், 1982-இல் வெளியிட்ட நூலில் தம் முடிவைத் தொகுத்துரைத்தார். வேலை ஊதியத்தோடு ஐந்து பொருள்களை நாம் அறியாமலே தருகின்றது: நாளுக்கு ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மக்கட்தொடர்பு, பலர் கூடி முயலும் நோக்கம், சமூகத்தில் ஒரு நிலை, இடையறாத செயல். வறுமையின் கொடுமையை அவர் குறைத்து மதித்தார், இழிந்த வேலையும் மனத்தைக் கெடுக்குமன்றோ என்று பின்வந்தோர் சிலர் தடை நிகழ்த்தினர். அத்தடையும் கருதத்தக்கதே. 2001-இல், தமது 94-ஆம் வயதில் அம்மையார் காலஞ்சென்றார்.

நம் இல்லங்களிலும் வேலையிழந்த மகனோ, ஓய்வுபெற்ற தந்தையோ திண்ணையில் வாளா அமர்ந்திருத்தலைக் காண்கின்றோம். ‘சும்மா கிடக்கிறான்’ என்று சொல்லுதல் எளிது. சோறிட்டுவிட்டோம், கடமை தீர்ந்தது என்று எண்ணுதலும் எளிது. அவர்க்கு ஒரு காரியமும், அக்காரியத்துக்கு ஒரு நேரமும், அதனைச் செய்யக் கூட்டாளிகளும் தேடித் தருதலே மெய்யான உதவி என்பதை அம்மையாரின் வாழ்க்கை நமக்குப் போதிக்கின்றது. அங்ஙனம் உதவுமுன் அவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டல் முதற்கடமை என்க.